இவளுக்குச் சேருமா

அவள் எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்தில் திறக்க மாட்டாள். நடுவில் எங்காவது விரலை விட்டுப் பிரிப்பாள். நின்றபடியே அரைப் பக்கம் படிப்பாள், உதடு லேசாக அசையும். பிறகு நேராகக் கடைசிப் பக்கம். அங்கிருந்து பின்னோக்கி நாலு தாள் புரட்டிப் பார்த்துவிட்டு மூடுவாள். மூடிய கையோடு என்னைப் பார்த்து, "ஏனுங்க்கா, இது இவளுக்குச் சேருமாங்க?" என்பாள்.

இவள் என்றால் அவள் மகள். ஒரே மகள். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே வைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேரள எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டிக்கு எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல், நிலவரி ரசீது, பஞ்சாயத்துக்குக் கொடுக்கிற விண்ணப்பம், இவைதான் என் பிழைப்பு. புத்தகம் சேருமா சேராதா என்று என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? எனக்கு இரண்டு பையன்கள். பள்ளியில் கொடுத்த புத்தகத்தை வாங்கினார்கள், அட்டை போட்டார்கள், எப்படியோ பாஸானார்கள், அடுத்த வருடம் அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டோம். பாடப்புத்தகம் என்பது பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிற சாமான் என்பதே அவள் என் கடைக்கு வர ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அவர்கள் இந்த ஊரிலும் இல்லை. கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, தினமும் போய் வந்து அலுத்துப்போய் அங்கேயே குடி போய்விட்டார்கள். போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் யாராவது கடைக்குள் வந்து ஒரு புத்தகத்தை நடுவில் பிரித்தால் எனக்கு இன்னும் மனசு ஒரு நிலையில் நிற்பதில்லை.

அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தால் அதில் பையை வைப்பாள். தீவனச் சாக்கை வெட்டித் தைத்த பை, உள்ளே முழுக்கப் புத்தகம். இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுங்கக்கா என்பாள், எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்பாள், வெளியே போய் ஸ்கூட்டரில் ஏறுவாள், திரும்பி வந்து அதையே எடுத்துக்கொண்டு போவாள். அவள் வந்துவிட்டுப் போனால் எனக்கு அரைமணி நேரம் வேலை ஓடாது. திட்டியும் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள், அடுத்த நாள் வேறொரு புத்தகத்தோடு வந்து நிற்பாள்.

மகளை ஏன் பள்ளியை விட்டு நிறுத்தினாள் என்பதை அவள் ஒரே மூச்சில் சொன்னதில்லை. ஸ்பைரல் போடும்போது கொஞ்சம், கரண்டு போன நேரத்தில் கொஞ்சம் என்று துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரியவந்தது. முதலில் தூரத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியத்துக்கு வேனில் அனுப்பியிருக்கிறார்கள். புத்தகம் இங்கிலீஷ், வகுப்பில் பேச்சு மலையாளம், இந்தக் குழந்தை வாயில் நம் ஊர்த் தமிழ். ஒருநாள் எழுந்து நின்று ஏதோ சந்தேகம் கேட்டிருக்கிறாள். டீச்சர் திட்டவில்லை. வகுப்பு சிரித்தது, டீச்சரும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்திருக்கிறார், அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாயைக் குழந்தை திறக்கவே இல்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்பதற்குக்கூட எழுந்திருக்காமல் ஒரு மத்தியானம் முழுக்க அடக்கிக்கொண்டிருந்து, வேனிலிருந்து பாவாடை நனைந்து இறங்கியிருக்கிறது. மறுநாள் இவள் போய் டிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கேக்கறதுக்கே பயப்படற புள்ளைய அங்க எதுக்குங்க்கா உக்கார வெக்கோணும்?" என்றாள். "என்ற புள்ளை வாயத் தொறந்து கேக்கோணுமுங்க. தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லோணும். எனக்கு அது ஒன்னு போதும். மார்க்கு வந்தா வருது, வராட்டிப் போகுது."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் அசையாமல் நின்றாள்.

நம் ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், அந்தப் பக்கம் ஒரு சர்க்கார். இரண்டுமே தமிழில் பாடப்புத்தகம் போடுகின்றன. இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் இரண்டையும் எடுத்தாள். பிறகு மத்திய சர்க்கார் பாடத்தையும் எடுத்தாள். கோயமுத்தூர்ப் பக்கம் வீட்டிலேயே படிப்புச் சொல்லிக்கொடுக்கிற அம்மாக்கள் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள், அதில் சேர்ந்தாள். அந்த வாரத்திலிருந்து என் கடைக்கு வெளிநாட்டுப் பாடங்கள் வர ஆரம்பித்தன. பனியில் விளையாடுகிற பிள்ளைகளும் ஆப்பிள் பறிக்கிற பிள்ளைகளும் என் மெஷினில் கறுப்பு வெள்ளையாக வந்து விழுந்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது, உள்ளே கணக்குக்கு மரமணி, எழுத்துக்கு உப்புத்தாள் ஒட்டின அட்டை. எல்லாவற்றையும் அவள் முதலில் தானே படிப்பாள், தானே போட்டுப் பார்ப்பாள். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் என் மேஜையில் நின்றுகொண்டே எத்தனை கணக்குப் போட்டிருக்கிறாள்! கேரளத்து ஆசிரியர் கைப்புத்தகம் ஒன்றைப் படிப்பதற்காகவே மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டாள். இத்தனை படித்தவள் பிளஸ் டூவோடு நின்றவள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு குறை கண்டுபிடிக்க மாட்டார்கள். "இது ரொம்பச் சிரிக்குதுங்க்கா" என்பாள் ஒரு புத்தகத்தைப் பார்த்து. பக்கத்துக்குப் பக்கம் கண்ணைச் சிமிட்டுகிற பென்சில் படம். "இது புள்ளைய நம்பவே இல்லீங்க. ஒரு வரி சொல்லிப்போட்டு அதையே மூனு வாட்டி சொல்லுது" என்பாள் இன்னொன்றை. விவசாயம் பற்றின பாடத்தில் ஒரு படத்தைக் காட்டி, "தோட்டத்துல இத்தனை பேரு நிக்கறாங்களே, ஒருத்தர் கையிலயாவது மம்முட்டி இருக்குதா பாருங்க" என்று கேட்டாள். பார்த்தேன். ஒரு மண்வெட்டிகூட இல்லைதான்.

விகிதம் என்ற பாடத்தில் பால்காரர் ஒருவர் பாலில் தண்ணீர் கலக்கிற கணக்கு வந்தது. இத்தனை லிட்டர் பாலில் இத்தனை தண்ணீர் கலந்தால் என்ன விகிதம் என்று. அவள் புகுந்த வீட்டில் மாமனார் காலத்திலிருந்து மாடு. சொசைட்டியில் அவர்கள் வீட்டுக் கேனை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அந்தக் கணக்கைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தத் தாளையே பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு மீதியை பைண்டு பண்ணச் சொன்னாள். "எங்கூட்டுப் புள்ளை இதையா படிக்கோணும்?" என்றாள். அறுத்த தாளின் பின்பக்கத்தில் விகிதத்தின் விளக்கமும் போய்விட்டதை நான் எடுத்துக் காட்டினேன். வேறு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்படித்தான் அந்த வருடம் இன்னொரு புத்தகம் வீட்டுக்குள் வந்தது.

புத்தகம் மாற்றுவதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. மாட்டுக்குத் தீவனம் மாற்றும்போது திடீரென்று மாற்றக் கூடாது, வயிறு ஊதிப்போகும். பழையது முக்கால், புதியது கால் என்று கலந்து, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு புதியது முக்கால் என்று மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் இதையே பாடத்துக்கும் செய்தாள். காலையில் மூன்று மணி நேரம் பழைய புத்தகம், ஒரு மணி நேரம் புதியது, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதியது முக்கால் அளவுக்கு வருவதற்குள் அதில் ஒரு குறை கண்டுபிடித்திருப்பாள். குறை என்ன குறை? குழந்தை ஓர் இடத்தில் புருவத்தைச் சுருக்கியிருக்கும். ஒரு கணக்குக்குக் கொட்டாவி விட்டிருக்கும். "இது எனக்குப் புரியலீங்கம்மா" என்று கேட்டிருக்கும். உடனே இவள் குழந்தையை ஒன்றும் சொல்ல மாட்டாள். புத்தகத்தைத்தான் முறைப்பாள். அன்று சாயங்காலமே அது சாக்குப் பைக்குள் போய்விடும், அடுத்த நாள் அதற்கடுத்த புத்தகம் கால் பங்கில் ஆரம்பமாகும்.

புதிய புத்தகம் என்றால் முதல் பாடத்திலிருந்துதானே? ஆக, அந்தப் பெண் பின்னத்தை நாலு புத்தகத்தில் ஆரம்பித்திருந்தது. தசமம் ஒன்றில்கூட வந்து சேரவில்லை. எல்லாப் பாடத்திட்டத்திலும் முதல் மூன்று பாடம் தலைகீழாகத் தெரியும். "உன்ற புள்ளை எல்லா ஊட்டுக்கும் வாசப்படி வரைக்கும் போயிட்டு வருது, உள்ள போயி உக்காந்து ஒரு வாய்க் காப்பி குடிச்சதில்ல" என்று நான் கேலி பண்ணினேன். அவளும் சிரித்தாள். "சேராத ஊட்டுல எப்படீங்க்கா உக்காருவா?" என்றாள்.

அவள் கணவர் அதிகம் பேசாதவர். ஷிப்டு முடிந்து வரும் வழியில் ஒருநாள் என் கடையில் வண்டியை நிறுத்தினார். எதுவும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஏதாச்சும் ஒன்னுல நிக்கச் சொல்லுங்க" என்றார். "நான் சொன்னா, ஆவறதில்லீங்க. எங்க அண்ணன் பாப்பாளும் இவளும் ஒரே வயசு. அவ ஆறாவது படிக்கறா. இவ எத்தனையாவதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

பிறகு அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு ஆனது. வருகிற மார்ச்சில் அண்ணன் மகள் எழுதுகிற முழுப் பரீட்சைக் கணக்குப் பேப்பரை இவர்கள் மகளும் எழுத வேண்டும். பாதி மார்க் எடுத்தால் வீட்டிலேயே தொடரலாம், இனி அவர் வாயே திறக்க மாட்டார். எடுக்காவிட்டால் ஜூனில் பள்ளிக்கூடம். இதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது முகம் வெளிறிக் கிடந்தது. "மறுபடியும் வாய மூடிக்குவாங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் கோயமுத்தூரில் ஒரு கடையிலிருந்து தடிமனான கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாள். வழக்கம்போல் நடுவில் பிரித்தாள், கடைசியில் பார்த்தாள், சேருமா என்று கேட்டாள். நானும் வழக்கம்போல் தெரியாது என்றேன். பத்து நாளில் அடுத்த புத்தகம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தீபாவளி போனது, கார்த்திகை போனது, அவள் கையில் அதே புத்தகம். எனக்கே நம்ப முடியவில்லை.

"சேந்துக்கிச்சுங்க்கா" என்றாள் ஒருநாள். அன்றைக்கு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நாலு மாசமா இதே புஸ்தகந்தான். அவளுக்கு இதுல ஒரு சந்தேகமும் வரலீங்க. புரிஞ்சுதா சாமின்னு கேட்டா, நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள புரிஞ்சுதுங்கறா. பாதிக்கு மேல தாண்டிட்டோம்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதிர்க்கடையிலிருந்து இரண்டு டீ வரவழைத்தேன். முதல் முறையாக அவள் பொறுமையாக உட்கார்ந்து டீயைக் குடித்தாள்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் மகள் மட்டும் சைக்கிளில் வந்தாள். அம்மா பைண்டிங்குக்குக் கொடுத்திருந்ததை வாங்கிக்கொண்டு போக வந்தவள். கொடுத்தேன். போகவில்லை. ஸ்டேப்ளரை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், தாய்க்குத் தப்பாத பிள்ளை. பிறகு பாவாடைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"அத்தை, அரையக் காலால வகுத்தா ரெண்டு வருதுங்க" என்றாள். "வகுத்தா கொறையத்தானுங்களே வேணும்? எப்படீங்க கூடுது?"

நான் தாளைப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? "உங்கம்மாளக் கேளு கண்ணு. அவதான் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சு வெச்சிருக்கறாளே" என்றேன்.

அவள் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாகிட்டக் கேட்டா புஸ்தகத்த மாத்திப்போடுவாங்க அத்தை."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. நாலு மாதமாக அந்தப் பெண் புரியாததை எல்லாம் புரிந்தது என்று சொல்லி வந்திருக்கிறாள். எப்படியாவது ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட வேண்டும் என்று. விடையை மட்டும் எப்படியோ கொண்டுவந்துவிடுகிறாள், ஏன் என்று மட்டும் தெரியவில்லை, அதை யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. கடைசியில் நிலவரி ரசீது நகல் எடுக்கிற என்னிடம் வந்து நிற்கிறாள்.

"அம்மாகிட்டச் சொல்லீராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு இரண்டு பேருக்கு ஆதாரின் பின்பக்கத்தை விட்டுவிட்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். சொன்னால் குழந்தைக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அந்த முட்டாள் பெண் சேந்துக்கிச்சு சேந்துக்கிச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். வீட்டுக்குப் போய்க் குழம்பைத் தீய விட்டேன். மறுநாள் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே முடிவு பண்ணிவிட்டேன்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் முதலில் சொன்ன வார்த்தை, "அப்ப அந்தப் புஸ்தகமும் சரியில்லீங்களா?" என்பதுதான். சொல்லிக்கொண்டே கை சாக்குப் பைக்குள் போய் அந்தத் தடிப் புத்தகத்தை இழுத்துவிட்டது. "எந்தப் பக்கமுங்க்கா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "புஸ்தகத்தக் கீழ வெய்யி" என்றேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். "அங்க டீச்சர் சிரிச்சாங்கன்னு கூட்டிட்டு வந்த. இப்ப அது உன்னையக் கேக்கப் பயப்படுது. உன்னையத்தான். இதுக்கு எந்தப் புஸ்தகம் வாங்கப் போற?"

அவள் புத்தகத்தைக் கீழே வைத்தாள். மெஷினின் சூட்டில் தாள்கள் சுருண்டுகொண்டு வந்தன, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையை மறந்துவிட்டு வெளியே போனாள். நான்தான் ஓடிப்போய்ப் பையைக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சொன்னாள். மகளை உட்கார வைத்து, "இனி எந்தப் புஸ்தகத்தையும் மாத்த மாட்டேன். எப்ப வேணாலும் கேளு, எங்க வேணாலும் கேளு, யாரு முன்னால வேணாலும் கேளு, நான் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். மகள் சரீங்க என்றிருக்கிறாள். ஆனால் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சின்னச் சந்தேகம் கேட்டாளாம். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

"எனக்கே தெரியுமுங்க்கா, அது அவளுக்குத் தெரியும்னு. என்னையச் சோதிக்கறா" என்றாள். "சொன்னேன். சொல்லிப்போட்டு ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டேன். புஸ்தகத்துப் பக்கமே போகாம."

அடுத்த வாரம் அதைவிடக் கொஞ்சம் பெரிய சந்தேகம். அதற்கடுத்து இன்னொன்று. அரையைக் காலால் வகுக்கிற சந்தேகத்தைக் கேட்க அந்தப் பெண்ணுக்கு மாசி பிறக்க வேண்டியிருந்தது. ஒரு டம்ளரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் கை என் மேஜை மேல் இருந்த பென்சிலையும் ரப்பரையும் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தது. புதுப் புத்தகம் ஏதாவது கண்ணில் பட்டால் இன்னும் அந்தக் கை நீளும், நடுவில் பிரிக்கும். பிறகு மூடி வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடையிலேயே பரீட்சை நடந்தது. வீட்டில் வைத்தால் அம்மாக்காரி கண்ணாலேயே சொல்லிக்கொடுத்துவிடுவாள் என்று கணவர் பொது இடமாகக் கேட்டார். அண்ணன் மகளின் கேள்வித்தாளை நான்தான் நகல் எடுத்தேன், ஒத்துப் பார்க்க அவள் திருத்தி வாங்கின விடைத்தாளையும் கணவர் என்னிடம் கொடுத்திருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் மேஜையைக் காலி பண்ணி மகளை உட்கார வைத்தோம். கணவர் வாசல் பக்கம் ஸ்டூலில். அவள் பைண்டிங் மேஜை பக்கம். இடையில் யாரும் உதவக் கூடாது, அவள் வாயைத் திறந்தால் பேப்பர் செல்லாது, ஜூனில் பள்ளிதான் என்று கணவர் இன்னொரு முறை சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

மகள் எழுத ஆரம்பித்தாள். அம்மாக்காரியால் உட்கார முடியவில்லை. தாள்கட்டை நேராக்கினாள், ஸ்பைரல் வளையங்களை அளவு பார்த்து அடுக்கினாள், அதைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். நான் சும்மா இரு என்று சைகை காட்டினேன். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஒரு முறை மகளின் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் நிரப்பின பக்கமும் நிரப்பாத பக்கமும் தெரியும். பாதியைத் தாண்டிவிட்டாள். கையில் இருந்த அண்ணன் மகளின் விடைத்தாளோடு ஒத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரி. தாயைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தேன். அவள் புரிந்துகொண்டு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது. வெகு நேரம் நின்றது. வெளியே சொசைட்டி வண்டி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்கு நேரம். மகள் தலையைத் தூக்கினாள்.

"அம்மா" என்றாள்.

அம்மாக்காரி அடுக்கிக்கொண்டிருந்த வளையத்தைக் கீழே வைத்தாள்.

"கொளத்துல நூறு செண்டிமீட்டர் தண்ணிங்க. வெயில்ல இருபது சதவீதம் கொறஞ்சுது. எண்பது ஆச்சு. அப்பறம் மழை பேஞ்சு இருபது சதவீதம் ஏறுதுங்க. கொறஞ்சதும் இருபது, ஏறுனதும் இருபது. ஆனா தொண்ணூத்தாறுதான் வருது. அந்த நாலு எங்கீங்கம்மா போச்சு?"

நான் எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு என்று எழுதியிருந்தாள். அண்ணன் மகளின் தாளிலும் தொண்ணூற்றாறுதான், பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.

"விடை வந்திருச்சல்லோ கண்ணு" என்றார் அப்பா. "விட்டுப்போட்டு அடுத்ததப் போடு."

மகள் அவர் பக்கம் திரும்பவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருந்தால் போதும், ஜெயித்தாகிவிட்டது. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கு, வாயை மூடிக்கொண்டு இரு தாயே, நாளைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அவள் கணவரைப் பார்த்தாள்.

"பேசறதில்லைன்னு சொல்லி வெச்சமல்லோ" என்றார் அவர் மெதுவாக.

"ஆமாங்க" என்றாள். "ஜூன்ல சேத்திரலாங்க."

சொல்லிவிட்டு மகளிடம் போனாள். என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கோடு கிழித்து, "இதுதான் நூறு. இதுல இருபது கொறஞ்சுது. செரி, மழை பேஞ்சப்ப எதுல இருபது ஏறுச்சு?" என்று கேட்டாள். மகள் கோட்டையே பார்த்தாள். உதடு அசைந்தது. கணவர் எழுந்து ஷட்டர் பக்கம் போனார், வெளியே போகாமல் அங்கேயே நின்றார்.

"எண்பதுலீங்களா?" என்றாள் மகள்.

"எண்பதுலதான்."

"அப்ப பதினாறுதான் ஏறுச்சு" என்று சொல்லிக்கொண்டே மகள் பேப்பரைத் திருப்பினாள். சரியாகப் போட்டு முடித்திருந்த முதல் பக்கத்துக்குப் போய், இரண்டாவது கணக்கில் விரலை வைத்தாள்.

"இதும் புரியாமத்தானுங்கம்மா போட்டேன்" என்றாள்.